என் மகளுக்கு நான் எழுதாத சீட்டு

ஆஸ்பத்திரியில் புண் கட்டவும் சீட்டு எழுதவும் டிரெஸர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

உங்கள் பயிற்சி முடியும் சமயத்தில் ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். இத்தனை வருட அனுபவம் இருக்கிறதே, பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும்படி எழுதுங்கள் என்றார்கள். உற்சாகம் தர என்னிடம் ஒன்றும் இல்லை. ஓய்வு வயது வருவதற்கு முன்பே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் நான். நாற்பத்தெட்டு வயதில் மலாக்காவில், கஜா பெராங் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என் மகள் இருமும் சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகிறேன். அதனால் இந்தக் கட்டுரை அங்கங்கே விட்டு விட்டு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லப் போவது நரம்பைப் பற்றி. புத்தகத்தில் இருப்பதை நீங்கள் பரீட்சைக்குப் படித்துவிட்டீர்கள். நான் சொல்வது வரிசையில் நிற்பவர்கள் சொல்லும் நரம்பு.

வெளிநோயாளிப் பகுதியில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துகொள்வீர்கள். நம் ஆட்களுக்கு உடம்பில் கயிறு போல எது இருந்தாலும் அது நரம்பு. முழங்கையில் நீலமாக ஓடும் இரத்தக் குழாய் நரம்பு. விரலை மடக்கும்போது மணிக்கட்டில் விறைத்து எழும் தசைநாண் நரம்பு. காலில் சதை பிடித்துக்கொண்டால் நரம்பு இழுத்துவிட்டது. மலாய்க்காரர்களும் இதற்கெல்லாம் 'ஊராட்' என்ற ஒரே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறார்கள். உண்மையான நரம்பு, மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் செய்தி கொண்டு போவது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தெரியாததாலோ என்னவோ, அதன் பெயரை எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டோம்.

வேலைக்கு வந்து நாலைந்து வருடம் ஆனபோது செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பால்மரம் சீவும் கத்தி வழுக்கி மணிக்கட்டில் இறங்கியிருந்தது. துண்டால் இறுக்கிக் கட்டியதில் இரத்தம் நின்றுவிட்டது. கூட வந்தவர் சொன்னார்:

"நரம்பு அறுந்துபோச்சுங்க ஐயா. தச்சு விட்டுடுங்க. லோரி காத்துக்கிட்டு இருக்கு."

இரத்தம் நின்றுவிட்டதால் எல்லோருக்கும் நிம்மதி. அன்று முன்னால் முப்பது பேர் வரிசையில். தைத்து அனுப்பியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நான் அவரை ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னேன். மோதிர விரல் மடங்கவில்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரல் நுனிகளைத் தொட்டேன். சுண்டு விரலில் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. ஆக அறுந்தது மூன்று: இரத்தக் குழாய், தசைநாண், நரம்பு. அவர் சொன்ன ஒரு வார்த்தைக்குள் மூன்றும் இருந்தன. சீட்டில் மூன்றையும் தனித்தனியாக எழுதி அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, எழுதியது யார் என்று கேட்டு, தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தலையாட்டல் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் வார்த்தை பிரிக்கிறவன் ஆனேன். பெரிய தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதி, சீட்டு எழுதும் மேசைக்குப் பின்னால் ஒட்டினேன். இடது பக்கம் மக்கள் சொல்வது, வலது பக்கம் நாம் எழுத வேண்டியது. வலிப்பு என்றால் மூளையிலிருந்து வருவது, நினைவு தப்பலாம். பிடிப்பு என்றால் சதை, நினைவு தெளிவாக இருக்கும். நடுக்கம் என்றால் ஒரே சீராக ஆடுவது. வாதம் என்று சொன்னால் உடனே எழுதாதே, கை கால் விழுந்துவிட்டதா, மூட்டு வீங்கி வலிக்கிறதா என்று கேள். இரண்டுக்கும் அதே பெயரைச் சொல்வார்கள். இப்படி இருபதுக்கு மேல் இருந்தன.

என்னோடு வேலை செய்த இன்னொரு டிரெஸர், என்னைவிட மூன்று வயது இளையவர், அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, தமிழ்ப் பண்டிட் பரீட்சைக்குப் படிச்சிட்டு வழி தவறி ஆஸ்பத்திரிக்கு வந்துட்டீங்க லா."

"நீ எழுதுற சீட்டைப் பார்த்தா வழி தவறி வந்தது யாருன்னு தெரியும்."

"நான் எழுதுறது டாக்டருக்குப் புரியுது. நீங்க எழுதுறது டாக்டருக்குப் பாடம் நடத்துது."

அந்தத் தாளின் கடைசி வரி நரம்புத் தளர்ச்சி. நரம்பு எங்கும் தளர்வதில்லை. தூக்கமின்மை, சோகை, கவலை, பயம், இவற்றில் ஏதோ ஒன்று அந்தப் பெயரில் வருகிறது என்று எழுதியிருந்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அந்த நாளில் அப்படி வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுத்தது ஒன்றே ஒன்று. மருந்து அறையில் பெரிய ஜாடியில் தயாராக இருக்கும் புரோமைடு மிக்சர். உப்புக் கரிக்கும். குடித்தால் படபடப்பு அடங்கும், கொஞ்சம் மந்தமாக இருக்கும். எதனால் படபடப்பு என்று கேட்க நேரம் இல்லாதபோது அதை ஊற்றிக் கொடுத்து அனுப்புவோம்.

நரம்பு நோய் வேறு, மனம் படபடப்பது வேறு. இந்த வித்தியாசத்தை மலாக்காவில் என்னைவிட அதிகமாகப் பேசியவன் இருந்திருக்கமாட்டான். அந்த வித்தியாசத்தில்தான் என் மகள் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

இனி உள்ளதைச் சொல்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம், ஐம்பத்தேழு. வசந்தாவுக்குப் பத்து வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. தை மாதம் தொண்டை வலி, காய்ச்சல். இரண்டு வாரம் கழித்து முழங்கால் வலிக்கிறது என்றாள், பிறகு கணுக்கால். வளர்கிற பிள்ளை என்று என் மனைவி எண்ணெய் தேய்த்தாள். நானும் சரி என்றேன். சரியாகியும்விட்டது.

சித்திரைக்குப் பிறகு அவள் கையிலிருந்து பொருட்கள் விழ ஆரம்பித்தன. டம்ளர், சோப்பு, பென்சில். ஒரு இடத்தில் உட்கார முடியாமல் நெளிவாள். தோள் திடீரென்று ஒரு பக்கம் தூக்கும். கையெழுத்து கோழி கிளறியது போல ஆனது. அந்த வருடம் பள்ளிகளில் சுதந்திர விழாவுக்காகப் பிள்ளைகளை அணிவகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பண்டார் ஹிலிர் திடலில் கொடி பிடித்து நிற்க அவள் வகுப்பில் எட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வசந்தா உயரம் என்பதால் அவளும் ஒருத்தி. இரண்டாவது வாரம் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பொண்ணு கொடியைக் கீழ போடுறா. ஒரு தரம் இல்ல, நாலு தரம். கேட்டா என்னைப் பார்த்து நாக்கை நீட்டுறா. எட்டுப் பேர்ல ஒருத்தி இப்படிச் செஞ்சா மத்தவங்க சிரிக்கிறாங்க. நீங்க படிச்சவங்க, நான் என்ன சொல்றது?"

எனக்கு முகம் எரிந்தது. வீட்டுக்கு வந்து வசந்தாவை நிற்க வைத்துக் கேட்டேன்.

"டீச்சருக்கு நாக்கை நீட்டினியா?"

"நான் நீட்டலப்பா. அதுவா வருது."

"அதுவா எப்படி வரும்? நாக்கு உன் வாயிலதானே இருக்கு?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. முகம் ஒரு பக்கம் கோணியது. என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். கை ஓங்கிவிட்டேன். ஓங்கியதோடு நிற்கவில்லை.

அடித்த பிறகு வழக்கம்போல வருத்தம் வந்தது. உட்கார்ந்து யோசித்தேன். பிள்ளை பயந்திருக்கிறாள், பெரிய விழா, எல்லோரும் பார்க்கப் போகிறார்கள், படபடப்பு என்று முடிவு செய்தேன். என் தாளின் கடைசி வரி. மருந்தும் தெரியும்.

இங்கே நம் இடத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போதும் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். ஆஸ்பத்திரி ஆட்களின் குடும்பத்துக்குச் சீட்டு கிடையாது. நம் மனைவி மக்கள் மரப் பெஞ்சில் உட்கார்ந்து, நம்பர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பது நமக்கு மரியாதைக் குறைவு. பின்பக்கக் கதவு வழியாக மருந்து அறைக்குப் போவோம். கம்பவுண்டர் யாருக்கு என்று கேட்பார். வீட்டுக்கு என்போம். பாட்டில் வந்துவிடும். எங்கும் எழுதுவதில்லை. மருத்துவர் பார்ப்பதில்லை. எங்களுக்குள் ஒருவருக்கு ஒருவர் செய்துகொள்ளும் உபகாரம் அது. அதை நான் ஒரு நாளும் தப்பாக நினைத்தது இல்லை.

அப்படித்தான் புரோமைடு வீட்டுக்கு வந்தது. ஒரு பாட்டில், இரண்டு பாட்டில். வசந்தா மந்தமானாள். நெளிவது கொஞ்சம் குறைந்தது. ஆசிரியை கூட, இப்போது பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆடி மாதம் மறுபடி தொண்டை வலி வந்தது. உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னேன். நரம்பு ஒரு பக்கம், தொண்டை ஒரு பக்கம் என்று தனித்தனியாக வைத்தேன். பிரித்துப் பிரித்துப் பழகியவன் அல்லவா.

பக்கத்து வீட்டில் மீனாச்சி என்று ஓர் அம்மா இருந்தார். மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழர் வம்சம். கோயிலுக்கு எங்களைவிட ஒழுங்காகப் போவார். பேசுவது மட்டும் மலாய்தான், நடுவில் இரண்டொரு தமிழ் வார்த்தை வரும். பலகாரம் செய்து பாசாருக்கு, சந்தைக்கு, அனுப்புவார். வசந்தா அவர் வீட்டில் வாழையிலை துடைத்துக் கொடுக்கப் போவாள். ஒரு நாள் நான் வேலை முடிந்து வரும்போது வேலியோரம் நின்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அனாக் இத்து சாக்கிட், புக்கான் நாக்கால்" என்றார். அந்தப் பிள்ளைக்கு நோய், குறும்பு இல்லை.

நான் மலாயில் விளக்கம் சொன்னேன். நரம்பு நோய் வேறு, பயம் வேறு, இது பயம், மருந்து கொடுக்கிறேன் என்றேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, நேற்று இலை துடைக்கும்போது அவளால் துணியைப் பிடிக்க முடியவில்லை, பிடித்துப் பிடித்து விடுகிறாள், யாரும் பார்க்காதபோதும் அப்படித்தான், தனியாக இருக்கும் பிள்ளை யாரைப் பார்த்துப் பயப்படும் என்று கேட்டார். நீ ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாய், சொந்தப் பிள்ளையைக் கூட்டிப் போக மாட்டாயா என்றும் கேட்டார். கோபத்தில் உள்ளே வந்துவிட்டேன்.

என் மனைவிக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் அவள் சொன்னதை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

"ஏங்க, மத்தியானம் தூங்கும்போது பார்த்தேன். அசையவே இல்ல. முழிச்சதும் ஆரம்பிக்குது."

"பார்த்தியா? நோயா இருந்தா தூக்கத்திலயும் ஆடாதா? முழிச்சிருக்கும்போது மட்டும் வருதுன்னா மனசுதான்."

"அப்படியா?"

"அப்படித்தான்."

தம்பிகளே, இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்தில் நின்றுபோகும் அசைவு எல்லாம் நடிப்பும் அல்ல, பயமும் அல்ல. மூளையின் கோளாறால் வரும் பல அசைவுகள் தூங்கினால் அடங்கிவிடும். என் மகளுக்கு வந்த நோயின் அடையாளமே அதுதான். நான் எதை ஆதாரம் என்று காட்டினேனோ அது எனக்கு எதிரான ஆதாரம். அதைப் படித்திருந்தேன். எங்கள் பாடத்தில் அரைப் பக்கம் இருந்தது. ஒரு சொல்லை முடிவு செய்த பிறகு, படித்தது எதுவும் நினைவுக்கு வராது.

ஐந்தாவது பாட்டில் முடிந்த வாரம். திங்கட்கிழமை காலை. நான் புண் கட்டும் அறையில் இருந்தேன். எங்கள் வெளிநோயாளிப் பகுதிக்கு அப்போது ஒரு பெண் மருத்துவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். எங்கள் யாருடைய குடும்பமும் அவருக்குத் தெரியாது. கற்றுக்கொடுப்பதில் ஆர்வம் உள்ளவர். அபூர்வமான நோய் வந்தால் கையில் வேலை இல்லாத டிரெஸர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். அன்று ஆள் அனுப்பினார். கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"வாங்க, இதைப் பாருங்க. அடிக்கடி கிடைக்காது" என்றார்.

ஸ்டூலில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சட்டை. பக்கத்தில் என் மனைவி, அவளுக்குப் பின்னால் மீனாச்சி. மனைவியின் கையில் வெள்ளைச் சீட்டு. விடிந்ததும் இரண்டு பேரும் பிள்ளையைக் கூட்டி வந்து, எல்லோரையும் போலச் சீட்டு எடுத்து, மரப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆன ஒருவர் சீட்டு எழுதியிருக்கிறார். என் தாளைப் பார்க்காமல், பிள்ளையைப் பார்த்து எழுதியிருந்தார்: கை, முகம், நாக்கு தானாக அசைகிறது, மூன்று மாதம்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். வசந்தா குனிந்துகொண்டாள். அப்பா என்று கூப்பிட்டால் அடிப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ.

மருத்துவர் தன் இரண்டு விரல்களைப் பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"இறுக்கிப் பிடிச்சுக்கோம்மா, விடாதே." பிறகு என்னிடம், "பாருங்க, இறுக்குறா, விடுறா, இறுக்குறா. பால் கறக்குற மாதிரி. சீரா இல்ல, அதனால நடுக்கம் இல்ல. நினைவு தெளிவா இருக்கு, அதனால வலிப்பு இல்ல. கை கால்ல உணர்ச்சி இருக்கு, நரம்பு அறுந்தோ நசுங்கியோ போகல. பயத்துல வர்றதும் இல்ல. மூளைக்குள்ள அசைவை அடக்கி வைக்கிற இடத்துல அழற்சி."

நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டி வைத்திருக்க முடியவில்லை; வந்தது, போனது. அன்று என் முன்னால் வந்தது போலவே.

"இந்தப் பிள்ளைக்கு முன்னாடி தொண்டை வலி வந்துச்சா, மூட்டு வலி வந்துச்சான்னு கேக்கணும். வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை அவள் மார்பில் வைத்தார். நெடுநேரம் அதை எடுக்கவே இல்லை. இடது பக்கம் நகர்த்தி, கக்கத்தருகே வைத்துக் கேட்டார். முகத்தில் இருந்த பாடம் நடத்தும் களை போய்விட்டது. குழாயை என்னிடம் நீட்டினார்.

"கேளுங்க."

ஸ்டெதாஸ்கோப் பிடித்துப் பழகாதவனுக்குக்கூடக் கேட்டிருக்கும். லப், டப் என்ற இரண்டு சத்தத்துக்கும் நடுவில் ஓர் ஊதல். மூடாத கதவிடுக்கில் காற்றுப் புகுவது போல.

"இதயத்துல வால்வு சரியா மூடல. இதுக்குத்தான் பயந்தேன்" என்றார். மனைவியின் பக்கம் திரும்பி, "ஏம்மா, மூணு மாசமா யார்கிட்டயும் காட்டலையா?" என்று கேட்டார்.

என் மனைவி தரையைப் பார்த்தாள். மீனாச்சி என்னைப் பார்த்தார்.

"காட்டினாங்க டாக்டர்" என்றேன். "நான்தான் பார்த்தேன். என் பொண்ணு."

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். என்ன மருந்து என்றார். சொன்னேன். எத்தனை பாட்டில் என்றார். ஐந்து. தொண்டை வலி எப்போது என்றார். தை என்றேன். மறுபடி வந்ததா என்றார். ஆடியில் வந்தது என்றேன். அதற்கு என்ன கொடுத்தீர்கள் என்றார். உப்புத் தண்ணீர்.

திட்டியிருந்தால் எனக்கு ஏதோ ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் திட்டவில்லை. தொண்டையில் வரும் கிருமியால் தொடங்கும் ஒரே காய்ச்சல் நோய்தான் இது, மூட்டைத் தொடும், மூளையைத் தொடும், இதயத்தையும் தொடும்; மூட்டும் மூளையும் தானே ஆறிவிடும், இதயம் ஆறாது; தொண்டை வலி மறுபடி வரும் ஒவ்வொரு தடவையும் இதயத்துக்கு இன்னோர் அடி என்று சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அந்த அடி தையிலயா, ஆடியிலயா டாக்டர்?"

"தெரியாது. தையிலயே முடிஞ்சிருக்கலாம். ஆடியில ஆகியிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

தையில் என்றால் நான் செய்தது முட்டாள்தனம் மட்டும். ஆடியில் என்றால், தொண்டை வலி மறுபடி வராமல் தடுக்க மாதம் ஒரு பென்சிலின் ஊசி அவளைக் காப்பாற்றியிருக்கும், நான் கொடுக்கவிடவில்லை. எட்டு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கிறேன். எந்தப் பக்கமும் உட்கார இடம் இல்லை.

வசந்தாவை வார்டில் சேர்த்தார்கள். எழுந்து நடக்கக் கூடாது, படுக்கையில்தான் இருக்க வேண்டும். விழா நாளன்று ஊரே பண்டார் ஹிலிரில் இருந்தது. வார்டில் நர்ஸுகள்கூட ஜன்னலோரம் நின்றார்கள். புக்கிட் ரம்பாயிலிருந்து லோரியில் நின்றுகொண்டு வந்தவர்கள் பாடிக்கொண்டு போனது கேட்டது. வசந்தா கையைப் போர்வைக்குள் வைத்து, மற்றொரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அசைவு தெரியக் கூடாதாம்.

"எடுத்து வெளிய வை" என்றேன். "அசைஞ்சா அசையட்டும்."

"நீங்க கோபப்பட மாட்டீங்களா?"

"மாட்டேன்."

வெளியே வைத்தாள். அது போர்வை மேல் துள்ளியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா, நான் வேணும்னு செய்யலன்னு டீச்சர்கிட்ட சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"எல்லாப் பிள்ளைங்களும் இருக்கும்போது சொல்லணும்."

சொன்னேன். அடுத்த வாரம் பள்ளிக்குப் போய், வகுப்பில் நின்று, என் மகள் நாக்கை நீட்டியது நோய், கேலி இல்லை, நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்தும் எனக்கே தெரியவில்லை என்றேன். ஆசிரியை அழுதுவிட்டார். பிள்ளைகள் எதற்கு இந்த ஆள் வந்திருக்கிறார் என்பது போலப் பார்த்தார்கள். என் வேலைக்காலத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரு காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதனால் வால்வு சரியாகிவிடவில்லை.

தீபாவளிக்குள் அசைவு முழுவதும் நின்றுவிட்டது. கையெழுத்து அழகாகத் திரும்பி வந்தது. பார்க்கிறவர்கள் பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்றார்கள். நரம்புதானே, சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேனே என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ஊதல் நிற்கவில்லை. வருடத்துக்கு வருடம் அது முரடாகிக்கொண்டு வந்தது. பதினைந்து வயதில் பள்ளி மாடிப்படி ஏற முடியவில்லை. பரீட்சைக்கு அவளுக்காக வகுப்பைக் கீழே மாற்றினார்கள். இப்போது பதினெட்டு. சிங்கப்பூரில் வால்வை அறுத்துச் சரி செய்கிறார்கள் என்று பெயர் கொடுத்திருக்கிறோம். இரண்டு தடவை கடிதம் வந்தது. இரண்டு தடவையும் பயணம் செய்யும் நிலையில் அவள் இல்லை.

நானே வேலையிலிருந்து வெளியே வந்ததற்குக் காரணம் யாரும் என்னைக் குற்றம் சொன்னது அல்ல. யாரும் சொல்லவில்லை. விசாரிக்க எழுத்தில் எதுவுமே இல்லையே. வெளியே வந்ததற்குக் காரணம், மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டுக்கும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்ததுதான். ஒருவர் தலைவலி என்றால் அவரை நடக்க வைப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன், கண்ணைப் பார்ப்பேன், மறுபடி நடக்க வைப்பேன். வரிசை வாசலுக்கு வெளியே போகும். முதலில் சொன்னேனே, என்னைக் கேலி செய்த அந்த டிரெஸர், அவர்தான் ஒரு நாள் என் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கி, "அண்ணே, போதும், வீட்டுக்குப் போங்க" என்றார். பயந்த கண்ணும் பார்க்காத கண்தான். அதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

வார்த்தைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நரம்பு எது, குழாய் எது, நாண் எது என்று தெரியாமல் இந்த வேலை செய்ய முடியாது. ஆனால் சரியான வார்த்தை வாய்க்கு வந்ததும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நேரத்தில் எழுந்து நின்று இன்னொரு தடவை ஆளைப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது நோய் வந்தால் நீங்கள் பார்க்காதீர்கள். சீட்டு எழுதி மரப் பெஞ்சில் உட்கார வையுங்கள். நம்மைத் தெரியாத ஒருவர் பார்க்கட்டும். கம்பவுண்டர் கேலி செய்வார், செய்யட்டும்.

இதைப் படித்து எத்தனை பேர் செய்வீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நான் உங்கள் வயதில் படித்திருந்தால், பாவம் யாரோ ஒருவர் என்று நினைத்துவிட்டு, அன்றைக்கே பின்பக்கக் கதவால் வீட்டுக்கு மருந்து எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

இதயம் பலவீனமானவர்களுக்கு மட்டமாகப் படுத்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். தலையை உயர்த்தி வைத்தால் கொஞ்சம் எளிது என்று உங்களுக்குத் தெரியும். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு நாம் வைத்திருக்கும் கணக்கு, எத்தனை தலையணை வேண்டும் என்பது. போன வருடம் வசந்தாவுக்கு இரண்டு. தைப்பூசத்துக்கு மூன்று. நேற்று மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டு இன்னொன்று கேட்டாள். வீட்டில் மீதி இருந்தது என்னுடையது ஒன்றுதான். எடுத்துப் போய் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். சாய்ந்து பார்த்தாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"இப்ப நல்லா இருக்குப்பா" என்றாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு.